ஒரு கால் மேடையில், ஒரு கால் ரயிலில்

2024 ஒக்டோபர் 12, சனிக்கிழமை. எழும்பியது 5.30. சுபஹ் தொழுகை 5.55. சீனி போடாத தேநீர் 6.20. சப்பாத்துத் துடைத்தது 6.40, மனைவியின் சப்பாத்தையும் சேர்த்து. ஏழு மணிக்கு நாட்குறிப்பில் அன்றைய வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி போடுவதற்கு ஒரு சிறு கட்டம் கீறினேன். மொத்தம் ஐந்து வேலைகள். ஐந்தாவது: "ஷிபானாவின் நிகாஹில் வொலியாக இருத்தல்."

அன்று ஒழுங்காக நடந்த கடைசிக் காரியம் அந்தக் கட்டங்களைக் கீறியதுதான்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒழுங்கில்லாத மனிதன் பெரிய பிழை செய்ய முடியாது. அவனை நம்பி யாரும் பெரிய வேலை கொடுப்பதில்லை. உருப்படியான பிழை ஒன்றைச் செய்து முடிக்க நேர அட்டவணை வேண்டும், குறிப்பேடு வேண்டும், பேனை வேண்டும். என்னிடம் எல்லாம் இருந்தன. (பேனை மூன்று. ஒன்று சிவப்பு.)

நான் இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனைக்காரன். அரச அலுவலகமொன்றில் கோப்புகளோடு காலம் தள்ளுபவன். "கடிதத்தைப் படிக்க முதல் திகதியைப் பாருங்கள்" என்று என் பிரிவில் உள்ளவர்களுக்குத் தினமும் சொல்பவன். இந்த வாக்கியத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் கரையில் ரயில் கிடையாது. தண்டவாளம் மட்டக்களப்பு வரை வந்து, களைத்துப்போய், அங்கேயே நின்றுவிட்டது. ஆனாலும் ரயிலை நாங்கள் 'கோச்சி' என்று உரிமையோடு அழைப்போம். (இல்லாத பொருளுக்கும் எங்களிடம் செல்லப் பெயர் உண்டு.) சின்ன வயதிலிருந்து எனக்குக் கோச்சி என்றால் ஒரு கிறுக்கு. ஐம்பத்து மூன்று வயதில், இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில், அந்தக் கிறுக்குக்கு மருந்து கிடைத்தது.

அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன். எழுத வேண்டாம் என்று ஷிபானா கேட்டுக்கொண்டாள். அவள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறாள்.

ஷிபானா என் காக்காவின், அதாவது அண்ணனின், ஒரே மகள். அங்கே ஒரு மருந்தகத்தில் வேலை. மதினியும் அவளோடுதான். காக்கா நான்கு வருடங்களுக்கு முன் மௌத்தாகிவிட்டார். நிகாஹ் என்று வந்தால் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும் உரிமை அவளுடைய வாப்பாவுக்கு. வாப்பா இல்லை, மூத்தவாப்பா (வாப்பாவின் வாப்பா) இல்லை, சகோதரன் இல்லை என்றால் வாப்பாவின் தம்பிக்கு. அந்த உரிமையுள்ளவர்தான் வொலி. ஆக, நான்.

கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டே காக்கா சொன்னார்: "ஷிபானாட நிகாஹ்வ நீ நிண்டு செஞ்சி குடு. பெரிய வேல ஒண்டுமில்ல. நேரத்துக்குப் போய் இரி. அது உனக்குச் சொல்லித்தரத் தேவல்ல."

இவ்வளவுதான் எனக்கு இருந்த பொறுப்பு. நேரத்துக்குப் போய் இருத்தல்.

நிகாஹ் நடக்கவிருந்தது ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்திலிருந்த நகரத்துப் பள்ளிவாசலில். ஒன்றரை மணிக்கு, லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பின். மௌலவிக்கு இரண்டு மணிக்கு வேறு ஊரில் இன்னொரு நிகாஹ் இருந்ததால் ஒன்றரை என்றால் ஒன்றரைதான். ஷிபானாவும் மதினியும் வெள்ளிக்கிழமை பின்னேரமே மாப்பிள்ளை வீட்டாரின் காரில் புறப்பட்டார்கள்.

"சாச்சா, நீங்களும் சாச்சியும் எங்களோட கார்லயே வாங்களேன்" என்றாள் ஷிபானா.

"தேவல்ல மகள். நாங்க நாளைக்குக் கோச்சியில வாறம்."

"சனிக்கிழமையில கோச்சி கொறவு சாச்சா."

"எனக்குத் தெரியும். பத்து நாப்பத்திரண்டு, பன்ரண்டு நாப்பத்திரண்டு, ரெண்டு நாப்பத்திரண்டு. முதலாவதில வாறம்."

மதினி பெருமூச்சு விட்டார். "உங்கட சாச்சாட வாயில டைம்டேபிள்தான் வரும். ஏறு புள்ள."

என் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. பயணத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன், அந்த ஊர் நிலையத்தைப் பற்றிய இணையப் பக்கமொன்றை ஷிபானா அனுப்பியிருந்தாள். நிலையத்தின் வரலாறும் வசதிகளும். வழி தெரிந்துகொள்ளத்தான் அனுப்பினாள். நான் அதை அச்செடுத்து, தமிழில் எழுதி, ஒரு எண்பது பக்கக் கொப்பியில் அட்டவணை போட்டேன். இடது பக்கம் வரலாறு, வலது பக்கம் வசதிகள்.

வரலாற்றில்: முன்பு இரண்டு மேடைகள், இப்போது ஒன்று. இரண்டாவது மேடைக்குப் போவதற்காகக் கட்டிய இரும்பு நடைபாலம் இப்போதும் உண்டு. ஏறி இறங்கினால் புல்வெளிக்குப் போகலாம். நிலைய அதிபரின் வீடு பல் வைத்தியசாலையாகிவிட்டது. பால் பேணிகள் ஏற்றிய சரக்குக் கொட்டகையில் தேநீர்க்கடை. பயணச்சீட்டு யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு வெண்கல மணி. முந்திய நிலையத்திலிருந்து ரயில் புறப்பட்டதும் அடிப்பார்களாம். இப்போது அடிக்க அனுமதி இல்லை. (நிலையம் திறந்த ஆண்டும் கொப்பியில் உண்டு. அதை இங்கே எழுதினால் கொப்பியை அடுப்பில் வைப்பதாக மனைவி சொல்லியிருக்கிறாள்.)

வசதிகளில்: காத்திருப்பு அறை, உண்டு. கழிவறை, உண்டு. சைக்கிள் நிறுத்தும் இடம், உண்டு. பொதுத் தொலைபேசி, உண்டு. உதவிக் கருவி, உண்டு.

இந்தப் பக்கம் எப்போது எழுதப்பட்டது என்று நான் பார்க்கவில்லை. திகதி அடியில், சின்ன எழுத்தில் இருந்ததாம். பிறகு ஷிபானா காட்டினாள். அது அவளே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் பஸ் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கல்முனையில் ஒரு குடும்பம் பஸ்ஸில் போகிறதென்றால் எல்லாரும் ஒன்றாக வந்து சேர்வதில்லை. ஒருவர் முன்னுக்கு ஓடிப்போய், வலது காலை மிதிபலகையில் வைத்து, இடது காலை றோட்டில் ஊன்றி நிற்பார். அந்தக் கால் அங்கே இருக்கும் வரை பஸ் போகாது. "இந்தா வாறாங்க, சந்தியில வாறாங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். கண்டக்டர் ஏசுவார், டிரைவர் ஹோன் அடிப்பார், பஸ் மட்டும் போகாது. பின்னால் உம்மா, பிள்ளைகள், பேக், மறந்துபோன குடை, கடைசியில் குடையை எடுக்கப் போனவர் என்று எல்லாரும் ஏறிய பிறகு கால்காரர் ஏறுவார். கடைசி ஆள் அவர்தான்.

எங்கள் குடும்பத்தின் கால் நான். பதினான்கு வயதில் ஏற்றுக்கொண்ட பதவி. சம்மாந்துறைக் கலியாணமொன்றுக்குப் போகும்போது பதினொரு நிமிடம் பஸ்ஸை நிறுத்தி வைத்ததுதான் என் உச்சம். நாட்குறிப்பில் இருக்கிறது.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். 9.50க்கு நிலையத்தை அடைந்தோம். என் கோட்டுப் பைகளில் கொப்பி, நாட்குறிப்பு, மூன்று பேனை, இரண்டு பயணச்சீட்டு. கைத்தொலைபேசிக்கு இடமில்லாததால் அது மனைவியின் கைப்பையில். (ஆம். நானே கொடுத்தேன். "பத்திரமா வெச்சிக்க" என்றும் சொன்னேன்.) மனைவி ஹபீபாவின் கையில் ஊரிலிருந்து கொண்டுவந்த தொதல் இனிப்பு, ஒரு பெரிய பேணி நிறைய.

பயணச்சீட்டு யன்னல் சனிக்கிழமை மூடியிருக்கும். அதனால் கழிவறையும் பூட்டு. மேடையில் ஒரே ஒரு மனிதர், பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். பெயர் டெரிக். நிலையத்தைப் பராமரிக்கும் தொண்டர். கழிவறைத் திறப்பு அவரிடம் இருந்தது. உடனே திறந்துவிட்டார்.

"நான் இஞ்சயே வுழு எடுத்துத்து வாறன்" என்றாள் ஹபீபா 10.25க்கு. (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவதுதான் வுழு.) "கோச்சியில தண்ணி இரிக்கோ என்னவோ. அங்க போய் லுஹருக்கு ஓடேலாது."

"கெதியா வா புள்ள. இன்னும் பதினேழு நிமிஷந்தான் இரிக்கி."

"ஏன், பதினெட்டு இல்லயா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்ப் போத்தலோடும் தொதல் பேணியோடும் உள்ளே போனாள்.

நான் டெரிக்கிடம் கொப்பியைக் காட்டினேன். தமிழ் எழுத்தில் தன் நிலையத்தின் வரலாறு எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து மனிதர் தண்ணீர்ப் பூவாளியைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய தந்தை அங்கே சுமை தூக்கும் ஊழியராக இருந்தவராம். ஒவ்வொரு வரியாக நான் மொழிபெயர்க்க, அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். சரக்குக் கொட்டகைக்கு வந்ததும் நின்றார்.

"கொட்டகைதான் முதலில் கட்டியது. நடைபாலம் பிறகு."

"இல்லை. நடைபாலம் முதலில்" என்றேன் நான், விரலால் வரியைக் காட்டி.

அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மனிதரோடு, அங்கே இரண்டு வாரம் மட்டும் தங்கியிருந்த மனிதன் வாதாடியதைக் கவனியுங்கள். இருவரும் நடைபாலத்தடிக்குப் போய் இரும்பில் பொறித்திருந்த ஆண்டைத் தேடினோம். டெரிக் சொன்னதுதான் சரி. அதை நான் ஒப்புக்கொள்ள வாயெடுத்த அந்த நேரத்தில் ரயில் வந்தது.

10.41. இரண்டே பெட்டி. நான் முன்பெட்டியை நோக்கி ஓடினேன். டெரிக் பூவாளியை எடுக்கப் பின்பக்கம் போனார். ஹபீபாவைக் காணவில்லை. என் உடம்பு என்னைக் கேட்காமலே செய்ய வேண்டியதைச் செய்தது. பொத்தானை அமத்தினேன், கதவு திறந்தது, வலது கால் ரயிலில், இடது கால் மேடையில்.

ரயில் காவலர் (கார்ட்) இறங்கி வந்தார். தாடி வைத்த இளைஞர், நல்ல மரியாதை.

"ஏறுகிறீர்களா, ஐயா?"

"ஏறுகிறேன். என் மனைவி வந்துகொண்டிருக்கிறா."

"எங்கே?"

"கழிவறையில்."

"அப்படியென்றால் அவர் வந்துகொண்டிருக்கவில்லையே, ஐயா."

 கல்முனைக் கண்டக்டர் ஒருவரும் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டதில்லை. "ஒரு நிமிடம். இந்தா வந்துவிடுவா" என்றேன்.

கதவு கீச்சிட்டுக்கொண்டு மூட வந்து, என் சப்பாத்தைத் தொட்டு, பயந்து திறந்தது. மறுபடி மூட வந்தது. மறுபடி திறந்தது. காலையில் பளபளவென்று துடைத்த சப்பாத்து. மூன்றாம் முறை பெட்டிக்குள் இருந்தவர்கள் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்தார்கள்.  கல்முனையென்றால் இதற்குள் நாலு பேர் என் பக்கமும் நாலு பேர் கண்டக்டர் பக்கமும் சேர்ந்திருப்பார்கள், நேரமும் போயிருக்கும், ஹபீபாவும் வந்திருப்பாள். இவர்கள் சும்மா பார்த்தார்கள். அது பெரிய கொடுமை.

"ஐயா," என்றார் காவலர், "இரண்டு கால்களையும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் என்பது உங்கள் விருப்பம்."

மனைவியை விட்டுவிட்டுப் போகிற ஆள் நானில்லை. வலது காலைத் தூக்கி மேடையில் வைத்தேன். ஓடிப்போய்க் கழிவறைக் கதவைத் தட்டினேன். "ஹபீபா! கெதியா வா! கோச்சி போகப்போகுது!"

தட்டிய கதவு தானாகத் திறந்தது. உள்ளே ஒருவருமில்லை. நிலம் மட்டும் ஈரமாக இருந்தது.

திரும்பினேன். ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. பின்பெட்டியின் கடைசி யன்னலில் ஒரு நீலநிற முக்காடு, அதன் பக்கத்தில் ஒரு தொதல் பேணி. அந்த முகத்தில் பயம் இருக்கவில்லை. இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் எனக்கு நன்கு பழக்கமான ஒரு பார்வைதான் இருந்தது.

டெரிக் பூவாளியோடு என்னருகில் வந்து நின்றார். "உங்கள் மனைவி ஏறிவிட்டார். பின்கதவால். நான்தான் பேணியைத் தூக்கிக் கொடுத்தேன். நல்ல பாரம்."

ஹபீபாவின் நியாயத்தைப் பின்னால் பலமுறை கேட்டிருக்கிறேன். அதில் ஓட்டை இல்லை. "வெளியால வந்தன். இவர் முன்னால கால வெச்சித்து நிக்கிறார். கால வெச்சவர் கடைசியாத்தானே ஏறுவார்? அவர் ஏறட்டும் எண்டு நான் பின்னால ஏறித்தன். இது புழையா?"

பிழையில்லை. நாற்பது வருட வழக்கம். அந்த வழக்கம் தெரிந்தவர்கள் அந்த ரயிலடியில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரையும் அதுவே பிரித்துவிட்டது.

நேரம் 10.45. மனைவி ரயிலில், பயணச்சீட்டு என்னிடம். என் தொலைபேசி அவள் பையில். வொலி மேடையில்.

பதறவில்லை. கொப்பியைத் திறந்தேன். "பொதுத் தொலைபேசி: உண்டு." நிலைய வாசலில் செக்கச்செவேலென்று புதுப் பெயின்ற் பூசிய தொலைபேசிக் கூண்டு இருந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே நான்கு தட்டுகளில் புத்தகங்கள். சமையல், தோட்டம், துப்பறியும் கதை.

"தொலைபேசியை எடுத்து வெகுகாலம்" என்றார் பின்னாலே வந்த டெரிக். "விரும்பினால் ஒன்றை எடுத்து வாசிக்கலாம்."

அடுத்தது உதவிக் கருவி. சுவரில் இரண்டு பொத்தான்கள்: ஒன்று அவசரத்துக்கு, மற்றது தகவலுக்கு. எதை அமத்துவது? மனைவியைக் காணவில்லை என்றால் அவசரம். ஆனால் அவள் எங்கே என்று எனக்குத் தெரியும். காணாமல் போனது நான். (அவள் பக்கத்திலிருந்து பார்த்தால்.) அரை நிமிடம் யோசித்து, தகவலை அமத்தினேன். எங்கேயோ தூரத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. கதையைச் சொன்னேன். காவலருக்கு அறிவித்து, என் மனைவியைப் பத்திரமாக நகரத்தில் இறக்கச் சொல்வதாக அந்தப் பெண் உறுதியளித்தார்.

"நான் 12.42 இல் வருகிறேன் என்றும் சொல்லுங்கள்."

"அந்தச் சேவை இன்று ரத்துச் செய்யப்பட்டிருக்கிறது, ஐயா. அடுத்தது 2.42. வேறு ஏதும் தகவல் வேண்டுமா?"

வேண்டாம் என்றேன்.

அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்தேன். ஆறாயிரம் மைல் பறந்து வந்து, கடைசி முப்பது மைலில் கால் இடறிய மனிதனாக உட்கார்ந்தேன். காக்காவின் குரல்தான் காதில் கேட்டது. 'பெரிய வேல ஒண்டுமில்ல. நேரத்துக்குப் போய் இரி.' இருந்தேன், காக்கா. நேரத்துக்கு ஐம்பத்திரண்டு நிமிடம் முன்னதாகவே வந்து இருந்தேன்.

டெரிக் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் அவரால் கார் ஓட்ட முடியாது. ஊரின் ஒரே டாக்சிக்காரர் விடுமுறையில். இதையெல்லாம் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கைத்தொலைபேசியை எடுத்து நீட்டினார். காது மந்தமானவர்களுக்கென்று செய்தது. பெரிய பெரிய எண்கள். மெதுவாகக் கதைத்தாலும் மேடை முழுக்கக் கேட்கும்.

என் வாழ்நாளில் ஒரே ஒரு நாள் என் நாட்குறிப்பு ஒரு மனிதனைக் காப்பாற்றியது. கடைசிப் பக்கத்தில், அகர வரிசையில், எல்லா இலக்கங்களும் இருந்தன.

"சாச்சா?" என்றாள் ஷிபானா. "இது யார்ட நம்பர்? எங்க நிக்கிறீங்க?"

"ஸ்டேஷன்ல, மகள்."

"எந்த ஸ்டேஷன்ல?"

"உங்கட ஸ்டேஷன்லதான்."

 பிறகு: "சாச்சி எங்க?"

"சாச்சி உங்கட பக்கந்தான் வந்துகொண்டிரிக்கா. பதினொண்டு முப்பத்தெட்டுக்குப் போய்ச் சேருவா. போய்க் கூட்டிக்கங்க. டிக்கட் இல்ல அவட்ட."

"யா அல்லாஹ்!"

சனிக்கிழமை நெரிசலில் காரை அனுப்பினால் போக வர மூன்று மணித்தியாலம். மௌலவி ஒன்றே முக்காலுக்குப் போய்விடுவார். ஷிபானா அழவில்லை; ஆனால் அழாமல் இருப்பது கேட்டது. "வாப்பாவும் இல்ல, நீங்களும் இல்லயா சாச்சா?" என்று மட்டும் கேட்டாள். அந்தத் தொலைபேசியில் அது மேடை முழுக்கக் கேட்டது. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத டெரிக் பூச்சாடிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. மௌலவி. தென்னிலங்கைக் காலி நகரில் பிறந்தவர், அமைதியான தமிழ். "பதற வேணாம். வொலி நேர்ல வரமுடியாட்டி, தன்ட பொறுப்ப இன்னொருத்தருக்கு ஒப்படைக்கலாம். அவருக்கு வக்கீல் எண்டு பேர். ஒண்டரைக்கு நான் கோல் எடுக்கிறன். நீங்க தெளிவா என்னை வக்கீலா நியமிச்சாப் போதும். சாட்சிகளுக்கு அது நல்லாக் கேக்கணும். சத்தமில்லாத இடமாப் பாருங்க."

சுற்றிப் பார்த்தேன். புல்வெளி, பூச்சாடி, நடைபாலம். ஒரு குருவி. இதைவிடச் சத்தமில்லாத இடம் எங்கே கிடைக்கும்?

தேநீர்க்கடையில் டெரிக் எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார். கழிவறையில் வுழு எடுத்து, புல்வெளியில் லுஹர் தொழுதேன். (இரண்டாவது மேடை இருந்த இடம். நடைபாலத்துக்கு வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு பயணி.) 1.28க்கு வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1.31க்குத் தொலைபேசி அடித்தது.

"சபையில உங்கட குரல் கேக்குது" என்றார் மௌலவி. தொலைபேசியை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். "பேசறது வொலிதான் எண்டதுக்கு ஆராவது உறுதி சொல்லுங்க."

ஹபீபாவின் குரல் தெளிவாக வந்தது. "ஓம், அவர்தான். கால் இப்ப எங்க இரிக்கி எண்டு கேளுங்க."

பள்ளிவாசல் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஆரம்பித்தேன். "என் காக்காவின் மகள் ஷிபானாவை, மாப்பிள்ளை இஜாஸுக்கு—"

தலைக்கு மேலே ஒலிபெருக்கி உயிர்பெற்றது. பதிவுசெய்த ஒரு பெண் குரல்: 12.42 சேவை ரத்துச் செய்யப்பட்டது, ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.

12.42 ரத்தான விடயம் எனக்குத் தெரியும். நிலையத்துக்கே தெரியும். ஒன்று முப்பத்திரண்டுக்கு அதை யாருக்குச் சொல்கிறார்கள்?

"திரும்பச் சொல்லுங்க" என்றார் மௌலவி.

"என் காக்காவின் மகள் ஷிபானாவை—"

ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.

பின்வரிசையில் ஆங்கிலம் சரியாகக் கேட்காத ஒரு பெரியவர், மணமகள் தரப்பு துஆ ஓதுகிறது என்று நினைத்து "ஆமீன்" என்றாராம். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர்.

டெரிக் எழுந்தார். வாங்கின் மேல் ஏறி, தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி, ஒலிபெருக்கியின் வாயில் அமுக்கிப் பிடித்தார். எழுபத்தைந்து வயது. பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். 'கதை, பேசு' என்று அர்த்தம்.

கதைத்தேன். ஒரே மூச்சில். "என் காக்காவின் மகள் ஷிபானாவை, மாப்பிள்ளை இஜாஸுக்கு நிகாஹ் செய்து கொடுப்பதற்கு உங்களை என் வக்கீலாக நியமிக்கிறேன்." காக்காவின் பெயரையும் முழுதாகச் சொன்னேன். சொல்லத் தேவையில்லை, சொன்னேன். 

மௌலவி ஓதினார். பிறகு ஒரு இளைஞனின் குரல், கொஞ்சம் நடுக்கத்தோடு: "ஏற்றுக்கொண்டேன்." தொலைபேசியில் அது எவ்வளவு உரக்கக் கேட்டதென்றால், தேநீர்க்கடைப் பெண் வெளியே வந்து பார்த்தாள்.

"முடிந்ததா?" என்றார் டெரிக், வாங்கின் மேலிருந்து.

"முடிந்தது."

அவர் மெல்ல இறங்கினார். பயணச்சீட்டு யன்னலடிக்கு நடந்துபோனார். அடிக்க அனுமதியில்லாத வெண்கல மணியின் கயிற்றைப் பிடித்து, மூன்று முறை அடித்தார். தொலைபேசி இன்னும் திறந்தே இருந்தது. அந்த மணி முப்பது மைலுக்கப்பால் பள்ளிவாசலிலும் கேட்டதாம். அது என்ன சத்தம் என்று யாரோ கேட்க, "வொலிட கோச்சி வெளிக்கிட்டுத்து போல" என்றாளாம் ஹபீபா.

அது வெளிக்கிட்டது 2.42க்கு. 2.30 இலிருந்தே இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு மேடையில் நின்றேன்.

3.38க்கு நகரத்தில் ரயில் கதவு திறந்தபோது மேடையில் மணப்பெண் உடுப்போடு ஷிபானா, பக்கத்தில் இஜாஸ், மதினி, ஹபீபா. பிரியாணி மூன்று பெட்டி கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். தொதல் பேணி பாதியாகிவிட்டிருந்தது.

"அந்தத் தாடி வெச்ச கோச்சிக்கார மகன் டிக்கட் கேட்டாரு" என்றாள் ஹபீபா. "நான் தொதல் குடுத்தன். புறகு ஆரோ போன்ல சொன்னாங்களாம், அதுக்குப் புறகு அவரே இன்னொரு துண்டு கேட்டு எடுத்தாரு. ரெண்டு காலையும் தூக்கி வெச்சி இறங்குங்க மச்சான், கவனம்."

ஷிபானா அருகே வந்தாள். என் கோட்டுப் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தாள். அந்த நாளின் பக்கத்தைத் திருப்பினாள். நான்கு கட்டங்களில் சரி இருந்தது. ஐந்தாவது வெறுமை.

"அதில சரி போடேலாது மகள்" என்றேன். "இருத்தல் எண்டு எழுதியிரிக்கி. நான் இருக்கல்லயே."

"பேசாம இரிங்க சாச்சா." சிவப்புப் பேனையால், கட்டத்தையும் தாண்டி வழிய, ஒரு பெரிய சரி போட்டாள். என் நாட்குறிப்பிலேயே கோணலான சரி அது ஒன்றுதான்.

இப்போது கல்முனையில் எனக்குப் பெயர் 'கோச்சி வொலி'. ரயிலே இல்லாத கரையில் ரயிலால் பட்டம் வாங்கிய ஒரே மனிதன். எங்கள் வீட்டில் யார் வேனில் ஏறினாலும் ஹபீபா டிரைவரிடம் கேட்பாள்: "அவர்ட ரெண்டு காலும் உள்ளுக்கா எண்டு பாத்தீங்களா?" இஜாஸ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொலைபேசி எடுப்பார். நல்ல பிள்ளை. ஆனால் பேசி முடிக்கும்போது குரலை மாற்றி, "ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், மாமா" என்று சொல்லாமல் வைத்ததில்லை.

ஒக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. எழும்பியது 5.30. சுபஹ் தொழுகை 5.55. தேநீருக்கு முன், முதல் வேலையாக, நிலையக் கொப்பியைத் திறந்தேன். வரலாற்றுப் பக்கத்தில் கொட்டகையை நடைபாலத்துக்கு முன்னால் மாற்றினேன். வசதிகள் பக்கத்தில், "பொதுத் தொலைபேசி: உண்டு" என்பதை வெட்டவில்லை. அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் சேர்த்தேன்: "டெரிக்கின் சட்டைப் பையில்." அடியில் திகதியும் போட்டேன்.